எந்த விரல்?

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தபோது நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அங்கே முதுகில் ஆபரேஷன் செய்த குழந்தைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்களாம். “நீங்க அந்தக் குழந்தைதானே?” என்று கேட்டாள். ஆமாம், அந்தக் குழந்தைக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது என்றேன். அவள் சிரிக்கவில்லை. கேள்வித்தாளை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் நடுவில் சிரிக்க மாட்டார்கள்.

பிறக்கும்போதே என் முதுகெலும்பு அடியில் மூடிக்கொள்ளாமல், நரம்புகள் ஒரு சின்னப் பையாக வெளியே பிதுங்கியிருந்தன. இரண்டாம் நாள் அதை உள்ளே தள்ளித் தைத்தார்கள். மூன்றாம் வாரம் தலையில் நீர் சேருகிறதென்று மூளையிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு குழாய் வைத்தார்கள். அது இன்றைக்கும் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடுகிறது. பதினாலு வயதில் முதுகு வளைகிறதென்று இரண்டு கம்பி. பதினெட்டு ஆனதும், இனிமேல் பெரியவர்கள் டாக்டரிடம் போய்க்கொள் என்று குழந்தைகள் ஆஸ்பத்திரி கை கழுவிவிட்டது. பெரியவர்கள் டாக்டருக்கு என் வியாதியின் பெயரை நான்தான் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பெண் வரிசையாகக் கேட்டாள். நடக்கிறீர்களா? இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பட்டை, கையில் ஒரு தடி, நடக்கிறேன். சிறுநீர்? நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டு நானே எடுத்துக்கொள்கிறேன். வேலை? கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறேன், பதினாறு வருடமாக. கல்யாணம்? இல்லை.

“இல்லைன்னா, ஆகலையா, வேண்டாம்னு இருந்துட்டீங்களா?”

“ரெண்டுக்கும் கட்டம் இருக்கா?”

“இருக்கு.”

“ரெண்டுலயும் டிக் பண்ணிக்கோங்க.”

அதற்கும் சிரிக்கவில்லை. “பாதத்துல உணர்ச்சி இருக்கா?” என்று கேட்டாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது என்றேன். “கடைசி ஆறு மாசத்துல கால்ல புண் ஏதாவது வந்துச்சா?” இல்லை என்றேன். “தினமும் பாதத்தை யாராவது பாக்கறாங்களா?”

“எங்கம்மா பாக்கறாங்க. ஒரு நாள் தவறினதில்ல.”

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. மறைப்பானேன்.

தினமும் என்றால் தினமும்தான். ஆறரைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். அம்மா எதிரே முக்காலியைப் போட்டுக்கொள்வாள். பட்டையைக் கழற்றி, சாக்ஸை உருவி, தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, காலைக் கழுவுவாள். சூடு எனக்குத் தெரியாது, அதனால் அவள் முழங்கைதான் எனக்கும். பிறகு துண்டால் விரலிடுக்கு வரைக்கும் ஒற்றியெடுத்து, பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து ட்யூப்லைட் பக்கம் திருப்புவாள். முதுகுக் கம்பி என்னைக் குனிய விடாது. என் உள்ளங்காலை நான் நேரில் பார்த்ததே இல்லை. பதினெட்டு வயதில் ஆஸ்பத்திரியில் நீளக் கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடியைக் கொடுத்து, நீயே பார்த்துப் பழகு என்று அனுப்பினார்கள். அது குளியலறையில் ஆணியில் தொங்குகிறது. பின்மண்டை நரையைப் பார்க்க உபயோகமாக இருக்கிறது.

“ஒண்ணுமில்ல பாப்பா” என்று அம்மா சொன்னால் அன்றைய தினம் முடிந்தது. முப்பத்தொன்பது வயதிலும் நான் பாப்பாதான். அண்ணனுக்கும் அப்படித்தான், அண்ணிக்கும் அப்படித்தான். கடை முதலாளிகூட ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா போனதிலிருந்து அண்ணன் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே பேரப்பிள்ளைகள், தனி அறை, தோட்டம். ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: “பாப்பா காலை யாரு பாக்கறது?” அதற்குமேல் அண்ணனிடம் பேச்சு இருக்காது. ‘என்னையும் கூப்பிடேன்’ என்று நான் கேட்டதில்லை. அவன் வீட்டு வாசலில் பதினோரு படி.

சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை செய்வார்கள். டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஞ்சாலோ ஊசியாலோ ஒரு விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார். வீட்டுக்கு வந்தால் அம்மா அதையே விளையாட்டாக்கிவிடுவாள். நான் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வேன். “எந்த விரல்?” என்பாள். விரலிடுக்கு வழியாகப் பார்த்து, பெருவிரல் என்பேன், சுண்டுவிரல் என்பேன். அம்மா முகம் மலர்ந்துபோகும். அவ்வப்போது வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகவும் சொல்வேன், சந்தேகம் வரக்கூடாதே. அவ்வளவு கெட்டிக்காரி.

போன் வந்த மூன்றாம் நாள், கடையில் கவுன்ட்டர் அக்கா கீழே உருண்ட ஒரு திருகாணியைத் தேடிக் குனிந்தாள். என் மேஜைக்கடியிலிருந்து அவள் தலை வெளியே வரவில்லை.

“உன் சாக்ஸ் என்ன நனைஞ்சிருக்கு?”

“தண்ணி கொட்டியிருக்கும்.”

“தண்ணி இந்த நாத்தம் நாறாதுடி” என்றாள்.

கையோடு அங்கே இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். பிளாஸ்டிக் பிரேமை இளக்கி லென்ஸ் மாட்டுவதற்கு வெப்பக்காற்று ஊதும் ஒரு ஹீட்டர் உண்டு. மேஜைமேல் புது இயந்திரம் வந்ததால் முதலாளி அதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருந்தார். மத்தியானமானால் கால் வீங்குகிறதென்று நான் இடது பட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவது வழக்கம். ஹீட்டரின் பின்பக்கக் காற்று நேரே என் இடது குதிகாலில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேறு யாராக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் காலை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் வந்தாள். குதிகாலில் தடித்த தோலுக்கு நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை, உள்ளே குழி என்றார் டாக்டர். வயது முப்பதுக்குள் இருக்கும். வாசலில் கூட்டம் காத்திருந்தது.

“இது எப்ப வந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு வாரம்தான்னா மேலாப்பல இருக்கும், மாத்திரையும் கட்டும் போதும். மாசக்கணக்கா இருக்குன்னா எலும்பு வரைக்கும் போயிருக்கும். அதுக்கு ஸ்கேன் எடுக்கணும், வைத்தியமே வேற.”

எனக்கு எப்படித் தெரியும்? நான் அம்மாவைப் பார்த்தேன்.

“போன வாரம்தான் வந்திருக்கும்” என்றாள் அம்மா. “அதுக்கு முன்னாடி சுத்தமா இருந்துச்சு. தினமும் நான்தானே பாக்கறேன்.”

“நல்லாத் தெரியுமாம்மா?”

“பெத்தவளுக்குத் தெரியாதா?”

டாக்டர் எழுதினார். புண்ணைக் கழுவிக் கட்டி, ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த சிஸ்டரின் பார்வைதான் சரியில்லை. கட்டும்போது அந்தக் குழியில் அவள் திணித்த துணியின் நீளத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்துப் புண்ணுக்கு அவ்வளவு துணி எதற்கு என்று தோன்றியது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் கடையில் ஒரு லென்ஸை வெட்டுவதற்கு முன் நடுவைக் குறித்துக்கொண்டிருந்தேன். அதற்கென்று ஒரு சிவப்புப் பேனா இருக்கிறது. அந்த மை தண்ணீரில் போகாது, ஸ்பிரிட்டால் துடைத்தால்தான் போகும். அந்தப் பேனா சாயங்காலம் என் பையில் வீட்டுக்கு வந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

நல்ல காலைக் கையால் தூக்கி மற்றத் தொடைமேல் போட்டு, குளியலறைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அதன் உள்ளங்காலில், நட்டநடுவே, பெருக்கல் குறி மாதிரி ஒரு விரல் நீளத்துக்குப் போட்டேன். கோணலாகத்தான் வந்தது. பேனா முனை அங்கே அழுந்துவது கண்ணாடியில் தெரிந்தது, காலில் தெரியவில்லை. பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்தேன்.

அம்மா முக்காலியைப் போட்டுக்கொண்டாள். இடது காலில் கட்டு. வலது காலைக் கழுவினாள், ஒற்றினாள், மடியில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பார்த்தாள். கட்டைவிரலால் உள்ளங்காலை ஒரு தடவை தடவினாள். அந்தச் சிவப்புக் குறியின் மேலேயே தடவினாள்.

“ஒண்ணுமில்ல பாப்பா. சுத்தமா இருக்கு.”

“நல்லாப் பாரும்மா.”

“பாத்தாச்சு. கண்ணாடி மாதிரி இருக்கு.”

சரிம்மா என்றேன். அவள் துண்டை உதறிக் கொடியில் போடப் போனாள். நாற்காலியில் இடிக்கவில்லை, கதவில் முட்டவில்லை. கொடியில் துண்டு நேராக விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினாறு வருடமாகக் கண்ணோடு புழங்குகிறவள் நான். பார்வையில் நடு மட்டும் அழிந்து ஓரம் நன்றாக இருக்கும் ஒரு நோய் உண்டு. அது வந்தவர்கள் நடப்பார்கள், சமைப்பார்கள், தெருவைக் கடப்பார்கள். எதை நேராகப் பார்க்கிறார்களோ அது மட்டும் இருக்காது. முகத்தைக் கொஞ்சம் திருப்பி ஓரக்கண்ணால்தான் பேசுகிறவரைப் பார்ப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அம்மா என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் ஏதோ வருத்தம், முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதிலுக்கு நானும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

இதைவிட ஒன்று இருக்கிறது. போன வருடம் அம்மாவின் கண்ணை நானேதான் சோதித்தேன். கடைக்குக் கண் டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் வருவார். அம்மா வரிசையில் உட்கார மாட்டேன், நீயே பாரு போதும் என்றாள். எழுத்து அட்டைக்கு எதிரே உட்கார வைத்தேன். மேல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தடுக்காமல் படித்தாள். அந்தக் கடைசி வரி பொடி எழுத்து, எனக்கே தடுமாறும். அறுபத்தேழு வயதில் என் அம்மா படித்துவிட்டாள். கவுன்ட்டர் அக்காவைக் கூப்பிட்டு, ‘பாத்தியா எங்கம்மாவை’ என்று பீற்றிக்கொண்டேன்.

பத்து வருடமாகத் தினமும் ஐந்தரைக்கு அம்மா கடைக்கு வருகிறாள், என் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்து வருவதற்கு. வேலை முடியும் வரைக்கும் அட்டை மாட்டிய அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே ஒவ்வொருவராக அதே வரிகளை அதே வரிசையில் படிப்பது அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தலைகீழாகப் படி என்று நான் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். எந்த வாடிக்கையாளராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். அம்மா ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

கோபம் வர வேண்டிய இடம் இது. வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போவது முழங்காலோடு நின்றுவிடும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது மேலே ஏறியது. சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன், மாத்திரை போட்டுக்கொண்டேன். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். புண் ஒரு வாரத்தது என்பது அம்மா சொன்ன வார்த்தை, அந்த வார்த்தைக்குத்தான் டாக்டர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹீட்டர் மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் தெரியாது என்று சொன்னால் ஸ்கேன் எடுப்பார்கள், காலைக் காப்பாற்ற வழி இருந்தால் பார்ப்பார்கள். சொன்னால் அது அண்ணன் காதுக்குப் போகும். பாப்பா காலை யார் பார்ப்பது என்று அம்மா அப்புறம் கேட்க முடியாது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, யாருடைய காலையும் பார்க்க வேண்டாத ஒரு தனி அறையில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

நான் ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவேன். ஐந்து நாளும் சாயங்காலம் அம்மா வலது காலைக் கழுவி, அந்தச் சிவப்புக் குறிக்குச் சோப்புப் போட்டு, ஒற்றி, ஒண்ணுமில்ல என்றாள். நான் சரிம்மா என்றேன். நான் குறியை மறந்தே போனேன். உள்ளங்கால் என் கண்ணில் படாத இடம்.

ஆறாம் நாள் காய்ச்சல் நூற்றிரண்டு. அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணன் கேட்கவில்லை. எல்லோருமாக உள்ளே வந்தார்கள். அந்தச் சின்ன அறையில் டாக்டரும் சிஸ்டருமாக நாலு பேர் என்னைச் சுற்றி நிற்க, நான் நீளப் படுத்திருந்தேன்.

அதே சிஸ்டர் இடது கட்டைப் பிரித்தாள். வாடை அடித்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அந்தக் காலும் பாத்துடலாம்” என்று சொல்லி வலது சாக்ஸை உருவினாள்.

“இது என்ன?” என்றாள்.

“என்னம்மா, அங்கயும் புண்ணா?” என்றாள் அம்மா.

“புண் இல்லம்மா. சிவப்பு மை. நல்லாப் பெருசா பெருக்கல் குறி போட்டிருக்கு. யாரு போட்டது? வேற ஆஸ்பத்திரிக்கு எங்கயாவது போனீங்களா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அம்மா என் வலது காலடிக்கு வந்தாள். பாதத்தைக் கையில் ஏந்தி, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.

“எந்தப் பேனா பாப்பா?”

“லென்ஸ் குறிக்கற பேனாம்மா.”

“எப்ப?”

“போன வாரம். செவ்வாய்க்கிழமை.”

அம்மா நாட்களை எண்ணியிருக்க வேண்டும். உதடு அசைந்தது. அடுத்து அவள் டாக்டரின் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“புண்ணு எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. போன வாரம்னு நான் சொன்னது பொய். எனக்கு ஒன்றரை வருஷமா எதுவும் நேரா தெரியறதில்ல. கைக்கு வெடிப்பு மாதிரி இருந்துச்சு. அவளுக்கு அங்க எப்பவுமே தோலு சொரசொரன்னுதான் இருக்கும். வெடிப்புன்னே நினைச்சுட்டேன். நீங்க அந்த ஸ்கேனை எடுத்துடுங்க.”

“ஒன்றரை வருஷமா?” என்றான் அண்ணன். “அம்மா, ஒன்றரை வருஷமா சொல்லாம…”

“சொன்னா நீ கூட்டிட்டுப் போயிடுவ” என்றாள் அம்மா, சாதாரணமாக.

“நான் தப்பா ஒண்ணும் கூப்பிடலையேம்மா.”

“இல்லப்பா. நீ தப்பில்ல.”

எனக்கு அப்போது எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. பிடிக்கவில்லை. உன்னை மாட்டிவிட நினைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் முழு உண்மை இல்லையே என்று இருந்துவிட்டேன்.

ஸ்கேன் அன்றைக்கே எடுத்தார்கள். குதிகால் எலும்பு செத்துவிட்டிருந்தது. மேலே கணுக்கால் வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட வேண்டும் என்றார் பெரிய டாக்டர். ஐந்து நாள் முன்னால் தெரிந்திருந்தால் என்று நான் கேட்டேன். “அப்பவும் இப்படித்தான் ஆகியிருக்கலாம்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். செயற்கைக் கால் மாட்டிக்கொள்ளலாம், பட்டை போட்டுப் பழகின உங்களுக்குக் கஷ்டமே இருக்காது என்றார். வலிக்காது இல்லையா என்று அண்ணன் கேட்டான். எனக்கு எப்போது வலித்தது, இப்போது வலிக்க, என்றேன். அவன் வெளியே போய்விட்டான்.

வார்டில் சும்மாதான் கிடந்தேன். கணக்கெடுத்த அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். புண் இல்லை என்று சொன்னேனே, அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாம் அனுப்பியாகிவிட்டது, இனிமேல் திருத்த முடியாது மேடம் என்றாள். அதனால் அவர்கள் அறிக்கையில் நான் இரண்டு காலோடு, புண்ணில்லாமல், தினமும் பாதத்தைப் பார்க்க ஆள் உள்ளவளாக நன்றாக இருக்கிறேன். அவளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அண்ணன் கையெழுத்துப் போடப் போயிருந்தான். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. அண்ணி அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கவுன்ட்டர் அக்கா தான் வாடகைக்கு இருக்கும் மாடி அறையைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து தங்குவாள். அம்மாவைக் கூட்டிட்டுப் போ என்று நான்தான் சொன்னேன். அங்கே நல்ல கண் டாக்டர் இருக்கிறாராம். அம்மா சரி என்றாள். ஒரு தடவைகூடக் கேள்வி கேட்கவில்லை. கேட்க அவளிடம் இருந்தது ஒரே கேள்வி, அதுவும் போய்விட்டது.

அம்மா கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றாள். குதிகாலைச் சுற்றித்தான் கட்டு. இடது காலின் ஐந்து விரலும் வெளியே தெரிந்துகொண்டிருந்தன. கையால் துழாவி அவற்றைக் கண்டுபிடித்தாள்.

“எந்த விரல்?” என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு பார்த்தேன். “சுண்டுவிரல்.”

“பாத்துதானே சொன்ன?”

“ஆமாம்மா.”

“அப்பவும் பாத்துதான் சொல்லுவ. கண்ணைப் பொத்திக்கிட்டு, விரலிடுக்கு வழியா.”

“தெரியுமா உனக்கு?”

“தெரியாம என்ன? நடு நடுவுல ஒண்ணு தப்பாச் சொல்லுவியே, அதுலதான் நல்லாத் தெரியும்.”

“அப்புறம் ஏம்மா அவ்வளவு சந்தோஷப்பட்ட?”

அம்மா அந்தச் சுண்டுவிரலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். “நீ அட்டையைப் படிச்சப்போ நானும்தான் சந்தோஷப்பட்டேன்” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். நான் சரியாகச் சொன்னபோதெல்லாம் ஆட்டுவாளே, அதே மாதிரி.

தள்ளுவண்டிக்காரர் வாசலில் வந்து நின்று என் பெயரை வாசித்தார். ஒரு நிமிஷம் என்றாள் அம்மா அவரிடம். அவர் கைக்கெடிகாரத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

“கண்ணை மூடு பாப்பா. நெஜமா மூடு.”

முப்பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக நிஜமாகவே மூடினேன். வார்டில் யாரோ இருமினார்கள். எங்கோ தட்டு விழுந்தது. என் கால் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவள் தொடுகிறாளா, இன்னும் தொடவில்லையா, தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டாளா என்று காத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் கண்ணோரம் நனைந்து காதுப் பக்கம் வழிந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“எந்த விரல்?”

“தெரியலம்மா” என்றேன்.

“நடு விரல்” என்றாள் அம்மா.